பட்டிக்குப் பொங்கியது

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டரை முதலில் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ இடம் தேடியவர் வழி தவறிச் சமையலறைக்குள் வந்துவிட்டார். என் பேச்சைக் கேட்டு ஊர் எது என்றார். தூத்துக்குடிப் பக்கம் என்றேன். கப்பலில் வந்து நெவார்க்கில் இறங்கியவன் திரும்பி ஏறவில்லை, நியூ ஜெர்சியில் பெட்ரோல் போட்டேன், குளிர் தாங்காமல் தெற்கே வந்தேன் என்று கேட்காததையும் சொன்னேன். அந்த வயதில் எதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

"மாடு கன்னு பழக்கம் இருக்குதா?"

"எருமை மேச்சிருக்கேன் சார். எட்டாம் கிளாஸுக்குப் போக வேண்டிய நேரத்துல."

"அப்ப நீ பாஸ்" என்றார்.

அடுத்த வாரம் அவருடைய பண்ணையில் இருந்தேன். ஹூஸ்டனிலிருந்து வடமேற்கே, ஃப்ரீவேயை விட்டு இறங்கி ஹெம்ப்ஸ்டெட் தாண்டிப் போக வேண்டும். மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, ஓக் மரங்கள், ஒரு மர வீடு. டாக்டர் இதய நோய் பார்ப்பவர். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அபார்ட்மென்டில் தங்கிவிடுவார். பண்ணையில் இருந்தது அவர் மனைவிதான். தாராபுரம் பக்கத்தில் மாடும் காடும் வைத்திருந்த காட்டுக்காரர் வீட்டுப் பெண். ஒரே மகள் கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் போன் வரும். தாய் தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார்.

அங்கே வளர்த்தது பால் மாடும் இல்லை, கறி மாடும் இல்லை. ரோடியோவுக்குப் போகும் காளைகள். ஒரு ஆள் காளையின் முதுகில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். காளையின் வேலை அவனைத் தூக்கி எறிவது. நன்றாக எறிகிற காளைக்கு டெக்சாஸ் முழுக்கப் பெயர் இருக்கும். அடி வயிற்றில் ஒரு மெத்தென்ற பருத்திக் கயிறு கட்டுவார்கள். அதை உதறத்தான் பின்காலை அப்படி வீசும்.

ஹூஸ்டனிலிருந்து வரும் தமிழர்கள் எல்லோருக்கும் அந்தக் கயிற்றின் மேல்தான் சந்தேகம். மெட்ராஸ்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "டாக்டர், அந்த இடத்துல கட்டி இழுக்கறாங்களாமே, அதான் வலி தாங்காம குதிக்குதா?"

"உங்களுக்கு அங்க கட்டி இழுத்தா நீங்க குதிப்பீங்களா சார், இல்ல ஆடாம அசையாம நிப்பீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நிப்பேன்" என்றார்.

"காளையும் நிக்கும். அதனால அங்க கட்டறதில்லை."

குதிப்பதை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. பிறவியிலேயே வர வேண்டும். தகப்பனைவிடத் தாயிடமிருந்துதான் அதிகம் வருகிறது என்பது அந்தப் பக்கத்து மாட்டுக்காரர்கள் பலருடைய எண்ணம். அக்கா அதை அவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. எந்தப் பசு ஊசி போடக் கூண்டுக்குள் விட்டால் கம்பியை உதைக்கிறது, எது கன்றை நெருங்கினால் தலையைத் தாழ்த்துகிறது, அதன் தாய் எப்படி இருந்தது என்று எல்லாம் அவர் மனசில் இருக்கும். டாக்டர் பணம் போட்டார். எந்தப் பசுவை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று சொன்னது அக்கா.

என் வேலை வயிறும் காலும். காளை நன்றாகக் குதிக்க வயிறு சரியாக இருக்க வேண்டும், குளம்பு சரியாக இருக்க வேண்டும். உலர்த்திச் சுருட்டிய புல் எப்போதும் எதிரில் கிடக்கலாம், எவ்வளவு தின்றாலும் குற்றமில்லை. உப்புக்கட்டி நக்கலாம். தானியம் மட்டும் அளவுதான். ஒரு காபி டின் வைத்திருந்தோம். அதில் கால் டின் கூட்டுவதென்றால்கூடப் பல நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். மாட்டின் பெருவயிறு புல்லுக்குப் பழகியது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் அத்தனையும் புளித்து அமிலமாகிவிடும். வயிற்றில் தொடங்குவது இரத்தத்தில் ஏறிக் குளம்பில் போய் முடியும். அக்காவுக்கும் இது தெரியும். நான் அவசரத்தில் டின்னைக் குவித்து எடுத்தால், "தம்பி, தலை தட்டிப் போடு" என்பார்.

வெளியூர் ரோடியோவுக்குப் போகும்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரையே பீப்பாயில் கொண்டுபோவோம். பெரிய உடம்பும் சிறிய நம்பிக்கையும் உள்ள பிராணி அது. ஊர்த் தண்ணீர் மாறினால் குடிக்காது.

மற்றக் காளைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சொல்ல வேண்டியது வரிக்காளையைப் பற்றி. செம்பட்டை நிறத்தில் புலி போலக் கறுப்புக் கோடுகள். அதன் தாய் ஒரு வெள்ளைப் பசு. பண்ணையை மூடிக்கொண்டிருந்த ஒரு கிழவரிடமிருந்து அக்கா வாங்கி வந்தது. அந்தப் பசுவை லாரியிலிருந்து இறக்கும்போதே அது வேலியை முட்டிக் கம்பியைப் பிய்த்துக்கொண்டு போனதாம். "இதுதான்" என்று அக்கா அப்போதே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறந்தது இந்த ஒரே கன்று. பிரசவத்தில் கர்ப்பப்பை வெளியே வந்து தாய் செத்துப்போனது. கன்றைத் துணி துவைக்கும் அறையில் போட்டு அக்காதான் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தார். இதெல்லாம் நான் வருவதற்கு முந்திய கதை.

நான் பார்த்தபோது அது முழுக் காளை. மனிதக் கையில் வளர்ந்த காளைக்கு மனிதர்களிடம் பயம் இருக்காது, அதனால்தான் அதை நம்பக் கூடாது. நான் ஒருநாளும் அதன் பட்டிக்குள் வேலியை விட்டுப் பத்தடி தள்ளிப் போனதில்லை. அக்கா போவார். அது அவர் ஸ்வெட்டர் கையைப் பிடித்துச் சப்பும். பாட்டில் பால் ஞாபகம். மறுநாள் அதே காளை ரோடியோவில் ஒரு ஆளை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, மணலில் ஒரு சுற்றுச் சுற்றி, தானே வாசல் தேடி வெளியே வந்துவிடும். அக்கா போய்ப் பார்க்க மாட்டார். நான் திரும்பி வந்ததும் கேட்பார்: "யாருக்காச்சும் அடி பட்டுச்சா?" இல்லை என்றால், "என்ற கண்ணுக்கு?" என்பார்.

அந்த வசந்தத்தில்தான் அதை முதல் முறையாகக் கிடாரிகளோடு, அதாவது இளம் பசுக்களோடு, விடுவதாக இருந்தது. அதற்கென்றே அக்கா நாலைந்து வருஷமாகக் கிடாரிகளைப் பொறுக்கி வைத்திருந்தார். வெளியாட்கள் நல்ல விலைக்குக் கேட்டும் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. வெள்ளைப் பசுவின் இரத்தம் இந்த ஒரு காளையில்தான் நின்றுகொண்டிருந்தது. இது போனால் அது போயிற்று. அக்கா அந்த நாட்டில் இருபது வருஷம் இருந்ததற்குத் தன்னுடையது என்று காட்ட நினைத்தது அந்தக் கன்றுகளைத்தான் என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படிச் சொன்னதில்லை. வேலி ஓரமாக நின்று கிடாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

தை மாதம் வந்தது. ஹூஸ்டன் தமிழர்கள் அந்த வருஷம் மாட்டுப் பொங்கலை மாட்டோடு கொண்டாடலாம் என்று முடிவு செய்தார்கள். பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை. அதே வாரக்கடைசியில் மேற்கே ஒரு ஊரில் ரோடியோ இருந்தது. மூன்று காளைகளை ஏற்றிப் போவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். வரிக்காளை அதில் ஒன்று.

"அது இருக்கட்டும் தம்பி. மத்த ரெண்டையும் கொண்டு போ."

"அக்கா, அங்க இதைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க."

"பட்டிப் பொங்கலன்னைக்கு அவன் இல்லாம யாரை வெச்சுப் பொங்கறது? அத்தனை சனம் வருது. லாரிக்காரன் மாதிரி பேசாத."

"நான் லாரிதான்க்கா ஓட்டுறேன்."

சிரித்தார். டாக்டரும் அவர் பக்கம். நான் இரண்டு காளைகளை ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். கிளம்பும்போது அக்கா பட்டியின் ஒரு மூலையில் மண்ணும் சாணியும் குழைத்துச் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பக்கத்து வழக்கம் அது. அதில் தண்ணீர் ஊற்றி, பூப் போட்டு, மாட்டைத் தாண்டவிடுவார்களாம். வரிக்காளையின் கொம்பில் அப்போதே மஞ்சள் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. அது தலையை ஆட்டி ஆட்டி வேலிக் கம்பியிலெல்லாம் மஞ்சளாக்கி வைத்திருந்தது.

போன இடத்தில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. டெக்சாஸில் குளிர் வடக்கிலிருந்து ஒரே அடியாக வரும். காலையில் சட்டையோடு நின்றவன் மத்தியானம் நடுங்குவான். மழையும் கூடவே வந்து மேம்பாலங்களில் உறைந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். சனிக்கிழமை திரும்ப முடியவில்லை. ஞாயிறு வெயில் வந்த பிறகு கிளம்பி, மத்தியானம் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன்.

வாசல் கேட்டில் மாவிலைக்குப் பதிலாக ஓக் இலையில் கட்டிய தோரணம் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுப் படிக்கட்டில் இரண்டு பெரிய அலுமினிய அண்டாக்கள், கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அளவு, பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் இரண்டு காளைகளை இறக்கிவிட்டு வரிக்காளையின் பட்டிக்குப் போனேன்.

அது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. லாரிச் சத்தம் கேட்டால் எப்போதும் வேலிக்கு ஓடி வரும், வரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. இடது வயிறு புடைத்து, மூச்சு விடும்போது உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம். ஒரு அடி எடுத்து வைத்தது. குடித்தவன் நடை. பின்னால் சாம்பல் நிறத்தில் கழிந்திருந்தது, மோர் கெட்ட வாடை. அதற்குள் அரிசி முழுசு முழுசாகக் கிடந்தது. ஒரு முந்திரிப் பருப்புகூடக் கிடந்தது.

அக்கா பின்னால் வந்து நின்றார். "காத்தால இருந்து எதுவும் திங்கல தம்பி. குளுருக்குத்தான் அப்பிடி நிக்கறான்னு இருந்தேன்."

"என்னக்கா வச்சீங்க?"

"பொங்கல்தான். வேறென்ன வெப்பாங்க."

"எவ்வளவு?"

அவர் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். நானும் அந்த அண்டாக்களைப் பார்த்தேன்.

நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். நூற்றைம்பது பேருக்குச் சமைத்திருந்தார்கள். பாதைகளில் ஐஸ் என்று கேள்விப்பட்டுப் பாதிக் குடும்பங்கள் வரவே இல்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடிதான், வாழைப்பழம் ஒன்றுதான். குழந்தைகள் போட்டோவுக்காக இன்னொரு முறை. எல்லோரும் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமென்று அவசரமாகக் கிளம்பிப் போனார்கள். அண்டா ஒன்றில் பாதியும் இன்னொன்றில் பாதிக்கு மேலும் மிச்சம். அக்காவின் பிறந்த வீட்டில் பட்டிக்குப் பொங்கியது வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது. அது மாட்டுக்குச் சேர வேண்டியது, மனிதர்கள் எடுத்துவைத்தால் பட்டி விருத்தியாகாது. அங்கே அது நாற்பது உருப்படிக்குப் போய்விடும். ஆளுக்கு ஒரு உருண்டை. இங்கே பசுக்களைக் குளிருக்காக ஓடைப் பக்கத்து மேய்ச்சலுக்கு ஓட்டியாயிற்று. இரண்டு காளைகள் என்னோடு ரோடியோவில். பட்டியில் இருந்தது ஒன்று மட்டும்.

அவர் தீவனத்தைத் தலை தட்டிப் போடுகிறவர். ஆனால் பொங்கல் அவருக்குத் தீவனம் இல்லை.

மாட்டு வைத்தியர் ஒரு மணி நேரத்தில் வந்தார். அந்தப் பக்கத்தில் முப்பது வருஷமாக மாடு பார்க்கிற வெள்ளைக்காரர், நெட்டை மனிதர். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து நாலைந்து வாளி புளித்த கஞ்சியை வடித்தார். சமையல் சோடா எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அக்கா அடுக்களையில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய் ஹெம்ப்ஸ்டெட் கடையில் இருந்த டப்பாக்களை எல்லாம் அள்ளி வந்தார். தண்ணீரில் கரைத்துக் கரைத்து ஊற்றினோம். கழுத்து நரம்பில் சலைன் ஏற்றினார். இதற்குள் டாக்டரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்.

வைத்தியர் கைகளைத் துடைத்துக்கொண்டு கேட்டார், இதற்கு இவ்வளவு அரிசி எங்கே கிடைத்தது, மூட்டையை உடைத்துக்கொண்டதா என்று.

இல்லை, நேற்று ஒரு பண்டிகை என்றார் டாக்டர்.

யாருக்குப் பண்டிகை?

டாக்டர் குனிந்து காலி சோடா டப்பாக்களைப் பொறுக்கினார். பிறகு இங்கிலீஷில் சொன்னார்: "மாடுகளுக்கு."

வைத்தியர் அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மஞ்சள் கொம்பைப் பார்த்தார். குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

காளை பிழைத்துக்கொண்டது. அதாவது சாகவில்லை. நாலாம் நாள் புல் கடித்தது. அக்கா அன்றைக்கு எனக்கு முட்டைக் குழம்பு வைத்துப் போட்டார். அதற்குப் பிறகு குளம்பு ஆரம்பித்தது. நாலு குளம்பும் கொதித்தன. நிற்கும்போது முன்கால்களை எட்டி வைத்து, பாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். பிறகு நிற்கவே முடியாமல் முன்முட்டிபோட்டுத் தவழ்ந்து தொட்டிக்கு வரும். முட்டியில் தோல் தேய்ந்து புண்ணானது. ஓடை மணலை லாரியில் கொண்டுவந்து பட்டி முழுக்கக் கொட்டினேன். ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக் குளம்பைக் குளிரவைப்பேன். வலி மருந்து கொடுத்தோம். அது கேட்கிற மாதிரி இருக்கும், மறுபடி கேட்காது.

வைத்தியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இனி இது குதிக்காது. கிடாரி மேல் ஏறப் பின்கால்கள் தாங்காது. மிச்சமிருப்பது வித்து மட்டும். அதைக் கருவியால் எடுத்து உறையவைத்துக் கிடாரிகளுக்கு ஊசியில் போடலாம். ஆனால் இப்போது இல்லை. இத்தனை காய்ச்சலில் உள்ளே இருந்த வித்தெல்லாம் செத்திருக்கும், புதிதாக ஊறி வர இரண்டு மாதமாவது வேண்டும். அதுவும் நிச்சயமில்லை.

அதனால் காத்திருந்தோம். ஒரு மாட்டை வலியோடு நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருப்பது எப்படி என்று அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன். காலையில் எழுந்ததும் முதலில் காதைத்தான் தீட்டுவேன். மூச்சுச் சத்தம் கேட்டால், சரி, இன்னொரு நாள்.

அக்கா பசும்புல்லைக் கையால் அறுத்துக் கூடையில் கொண்டுவந்து அதன் வாய்க்கு நேராகப் போடுவார். அது படுத்தபடியே அவர் ஸ்வெட்டர் கையைத் தேடும்.

"இது எதுக்குத் தம்பி இன்னமும் என்ற கையை நக்குது?"

"பழக்கம்க்கா" என்றேன்.

ஹூஸ்டனிலிருந்து போன் வரும். வந்துவிட்டுப் போனவர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவை டாக்டர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசியபோது நானும் அங்கே இருந்தேன். அதே மெட்ராஸ்காரர்தான். "டாக்டர், என் பையன் ஸ்கூல்ல ஷோ அண்ட் டெல் பண்ணிட்டான், புல்லுக்கு ஸ்வீட் ரைஸ் ஊட்டுனேன்னு. டீச்சர் நம்பவே இல்லையாம்! போட்டோ கொண்டு போய்க் காட்டுனான். நெக்ஸ்ட் இயரும் உங்க இடத்துலதான், இப்பவே புக் பண்ணிட்டேன்."

"பாக்கலாம் சார்" என்றார் டாக்டர். அக்கா சிங்கில் ஏற்கெனவே கழுவிய டம்ளரைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது மருந்து, மணல், மகளின் போன், இவ்வளவுதான். ஒரே ஒரு நாள் வெடித்தது. அன்று காளையின் இடது முன்குளம்பு அடிப்பக்கம் திறந்துகொண்டது. நான் அதைக் கழுவிக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன், இருவரும் வேலிக்கு வெளியே.

"போதுமுங்க. வைத்தியரைக் கூப்புட்டு ஊசி போடச் சொல்லுங்க."

"இன்னும் மூணு வாரந்தான். வித்து எடுத்துட்டா அவன் போனாலும் இருப்பான். நீதானே அவன் கன்னுக ஓடணும்னு ஆசைப்பட்டே?"

"நான் கன்னு பாக்கறதுக்கு அவன் முட்டிபோட்டு நடக்கோணுமா?"

"இத்தனை வருஷம் நீ பொறுக்கிவெச்ச கிடாரி... எல்லாம் ஆசையாத்தானே செஞ்சே?"

"ஆசையாத்தானுங்க ஊட்டுனேன்" என்றார் அக்கா.

நான் கட்டை இறுக்கினேன். காளை உதைக்கவில்லை. உதைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

காத்திருந்த நாள் வந்தது. வசந்தம். வேலி ஓரமெல்லாம் நீலப்பூ. வைத்தியர் கருவியோடும் ஒரு மைக்ராஸ்கோப்போடும் வந்தார். காளையைப் படுத்த இடத்திலேயே வைத்து எடுத்தார். லாரியின் பின்கதவைத் திறந்து மேஜை மாதிரி வைத்து, அதில் மைக்ராஸ்கோப்பை நிறுத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தார். டாக்டரிடம் மெல்லச் சொன்னார். பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது. வித்து செத்திருக்கிறது, அதன் வாலெல்லாம் முறிந்திருக்கிறது.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது. படித்த நாளில் மனித இரத்தத்தை ஆயிரம் தடவை இப்படிப் பார்த்தவர்.

"என்னங்க தெரியுது?" என்றார் அக்கா.

"அசையுது. கொஞ்சமா அசையுது. இன்னும் ஒரு மாசம் பாத்தோம்னா..."

"தள்ளுங்க."

"உனக்குத் தெரியாது, இது வந்து—"

"தள்ளுங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் செருகிக்கொண்டு குனிந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மாற்றி இன்னொரு கண்ணால் பார்த்தார். பக்கத்து மேய்ச்சலில் கிடாரி ஒன்று கத்தியது.

"பாத்துட்டேன்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வைத்தியரைப் பார்த்து இங்கிலீஷில் ஒரு சொல் சொன்னார். இன்றைக்கே என்று.

வைத்தியர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையை அசைத்தார்.

அக்கா பட்டிக்குள் போய்க் காளையின் தலைப்பக்கம் மணலில் உட்கார்ந்தார். அது அவர் கையை வாயில் வாங்கிக்கொண்டது. நான் அன்றைக்குத்தான் முதல் முறையாக அதன் கழுத்தைத் தொட்டேன். ஊசி போட ஒரு ஆள் பிடிக்க வேண்டும் என்றார் வைத்தியர். பிடிக்க அவசியமே இல்லாமல் இருந்தது. கொம்பில் மஞ்சள் பெயின்ட் அங்கங்கே இன்னும் மிச்சமிருந்தது. சீக்கிரமே முடிந்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் குழி தோண்டும் இயந்திரத்தோடு வந்தார். நாங்கள் முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா ஸ்வெட்டரைக் கழற்றிக் குழிக்குள் போடுவார் என்று எனக்குத் தோன்றியது. போடவில்லை. மறுநாளும் அதைத்தான் போட்டிருந்தார், கை நுனி ஈரத்தில் விறைத்துப்போய்.

கிடாரிகளுக்கு ஒரு வெளிக்காளையைக் கொண்டுவந்து விட்டோம். நல்ல காளைதான். வருஷக் கடைசியில் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. ஒவ்வொரு கன்றும் விழுந்ததும் அக்கா வந்து வைக்கோலால் துடைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். வரி இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். இருக்க வழியில்லை என்பது என்னைவிட அவருக்குத் தெரியும்.

நான் அதற்கடுத்த மாசி வாக்கில் அங்கிருந்து கிளம்பி கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் பக்கம் போய்ப் பெட்டி அடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன். எனக்கு எங்கேயும் நாலு வருஷத்துக்குமேல் காலூன்றாது. கிளம்புமுன் இன்னொரு தை வந்தது. ஹூஸ்டன்காரர்கள் அந்த முறை பொங்கலை ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் என்ன காரணம் சொல்லித் தட்டிக்கழித்தாரோ தெரியாது.

அக்கா பொங்குவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாட்டுப் பொங்கலன்று விடிந்ததும் பட்டி மூலையில் தெப்பக்குளம் கட்டியிருந்தது. மூன்று கல் கூட்டி, சின்னப் பானையில், இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு பொங்கினார். பசுக்களை ஒவ்வொன்றாக வேலிக்கு வரவிட்டு, எலுமிச்சங்காய் அளவு ஒரு உருண்டை கொடுத்தார். கொடுத்த மாட்டை நான் ஓட்டிவிட வேண்டும், மறுபடி வந்துவிடக் கூடாது. கன்றுகளுக்கு நாக்கில் தடவியதோடு சரி. எல்லாவற்றுக்கும் கொடுத்த பிறகும் பானையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கிழட்டுப் பசு இன்னும் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. நானும் டாக்டரும் வேலி ஓரம் நின்றோம். அக்கா திரும்பி, பட்டிக் கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, படியேறி, பானையோடு வீட்டுக்குள் போனார்.

நாங்கள் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தார். ஆறிப்போன பொங்கல், ஆளுக்கு இரண்டு கரண்டி. அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"இனிப்புக் கம்மியா இருக்கு" என்றார் டாக்டர்.

"அவங்களுக்குப் போட்டதுங்க" என்றார் அக்கா. "அளவாத்தான் போட்டேன்."